பள்ளி மணி அடித்த பிறகு நடக்கும் வம்புக்கு யார் பொறுப்பு?

நீள்வழி (இழையைத் தொடங்கியவர்)

என் பையன் ஏழாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்து வர 12 நிமிடம் போதும். மூன்று வாரமாக அரை மணிக்கு மேல் ஆகிக்கொண்டிருந்தது. கேட்டால் "பேசிக்கிட்டே வந்தேன்பா" என்பான். துணி துவைக்கும்போதுதான் பார்த்தேன், காலுறை முழுக்கப் புல்விதை ஒட்டியிருந்தது. அவன் வரவேண்டிய வழியில் புல்லே கிடையாது. காலி மனைகளைச் சுற்றிக்கொண்டு வந்திருக்கிறான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமையாக உட்கார்ந்து கேட்டேன். வழியில் ஒரு திருப்பத்தில் நான்கு பையன்கள் நிற்கிறார்களாம். இரண்டு பேர் இவன் வகுப்பு, இரண்டு பேர் ஒன்பதாம் வகுப்பு. பையைப் பிடுங்குவார்கள், தள்ளிவிடுவார்கள். என் பையனுக்குக் கொஞ்சம் திக்கும். "பெருக்கல் வாய்ப்பாடு சொல்லுடா" என்று நிற்கவைத்து வீடியோ எடுத்திருக்கிறார்கள். அது அன்றைக்கு ராத்திரியே வகுப்புப் பிள்ளைகளின் குரூப்பில் வந்துவிட்டது. மறுநாள் வகுப்பில் யாரோ ஒருவன் மெதுவாக "பெருக்கல்" என்றிருக்கிறான். பள்ளிக்குள் நடந்தது அவ்வளவுதான். ஆசிரியர் காதில் விழுந்தாலும் அவருக்கு அது வெறும் கணக்குப் பாடம்.

பள்ளியில் போய்ச் சொன்னேன். "கேட்டைத் தாண்டி நடப்பதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்றார்கள். அந்தப் பையன்களில் ஒருவனுடைய வீட்டுக்குப் போனேன். "பள்ளிக்கூடத்துப் பிரச்சினையை வீட்டுக்கு ஏன் கொண்டுவர்றீங்க?" என்று கேட்டார்கள். காவல் நிலையத்தில், "சின்னப் பசங்க சமாச்சாரம், பள்ளியிலேயே பேசி முடிச்சுக்கோங்க" என்றார்கள். அவரவர் கை அடுத்தவர் பக்கம் நீள்கிறது. யாரைத்தான் பிடிப்பது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கரும்பலகை

ஐயா, படித்ததும் மனசு கனத்துவிட்டது. உங்கள் பையன் பாதுகாப்பாக இருக்கவேண்டும், அதில் எனக்கு இரண்டாம் பேச்சு கிடையாது. ஆனால் 22 வருடமாக ஆசிரியராக இருப்பவன் என்ற முறையில் எதிர்ப்பக்கத்தையும் சொல்லியாகவேண்டும்.

என் வகுப்பில் 44 பிள்ளைகள். காலையில் கேட் திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டும்வரை அவர்களுக்கு நான் பொறுப்பு. அதற்குப் பிறகு தெருவில், மைதானத்தில், ராத்திரி 10 மணிக்கு போனில் நடப்பதையும் நான் பார்க்கவேண்டும் என்றால் எப்படிப் பார்ப்பேன்? நேரில் பார்க்காத ஒன்றை விசாரிக்க எனக்கு என்ன வழி இருக்கிறது? ஒரு பையன் "அடிச்சான்" என்பான், இன்னொருவன் "நான் அங்க இல்லவே இல்ல" என்பான். தெருவில் நடந்ததற்கு நான் தண்டனை கொடுத்தால் மறுநாள் அவன் அப்பா வந்து, "என் பையன் சாயங்காலம் என்ன செய்தால் உங்களுக்கென்ன?" என்று சட்டையைப் பிடிப்பார். இது நடந்திருக்கிறது, எனக்கே.

பிள்ளை வீட்டுக்குப் போன பிறகு பெற்றோர்தான் பொறுப்பு. கசப்பாக இருக்கலாம். ஆனால் எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் ஏற்றிவிட்டால் கடைசியில் ஒன்றுமே நடக்காது.

சட்டக்காரி

கரும்பலகை சார் சொன்ன பயம் நியாயமானதுதான். "கேட்டோடு முடிந்தது" என்பதை மட்டும் என்னால் ஏற்கமுடியவில்லை. மற்ற நாடுகளில் இந்தக் கோட்டை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 2006ஆம் ஆண்டின் கல்வி மற்றும் ஆய்வுகள் சட்டம், 89ஆவது பிரிவு. மாணவர் பள்ளி வளாகத்திலும் இல்லை, ஆசிரியர் பார்வையிலும் இல்லை என்ற நேரத்தில்கூட, நியாயமான அளவுக்கு அவர் நடத்தையை ஒழுங்குபடுத்தத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு. ஆனால் தண்டனையை மாணவர் பள்ளியில், அல்லது ஆசிரியரின் பொறுப்பில் இருக்கும்போதுதான் கொடுக்கலாம். ஆசிரியர் தெருவுக்குப் போய்க் காவல் காக்கவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தெரியவந்த பிறகு "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று சொல்லவேண்டியதில்லை, அவ்வளவுதான்.

ஜப்பான் 2013இல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. 2011இல் ஓட்சு நகரத்தில் ஒரு மாணவர் உயிரை மாய்த்துக்கொண்டதும், பள்ளியும் கல்வி அலுவலகமும் அதைக் கையாண்ட விதத்தின்மேல் எழுந்த கோபமும்தான் அதற்குப் பின்னணி. அந்தச் சட்டம் இடத்தைப் பார்ப்பதில்லை, உறவைப் பார்க்கிறது. ஒரே பள்ளி போன்ற தொடர்பு உள்ள பிள்ளைகளில் ஒருவர் செய்கிற செயலால் இன்னொரு பிள்ளை மனதாலோ உடலாலோ வேதனைப்பட்டால் அது துன்புறுத்தல்தான். இணையத்தில் செய்தாலும் சேர்த்தி. நீள்வழி சார் சொன்ன நான்கு பையன்களும் அவர் பையனும் அந்தத் திருப்பத்தில் சந்திப்பதற்குக் காரணமே ஒரே பள்ளியில் படிப்பதுதானே?

அமெரிக்காவில் வேறு மாதிரி யோசிக்கிறார்கள். 2021இல் மஹனாய் பள்ளி மாவட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்று தீர்ப்புச் சொன்னது. வார இறுதியில், பள்ளிக்கு வெளியே இருந்துகொண்டு, பள்ளியைத் திட்டிச் சமூக ஊடகத்தில் பதிவு போட்ட மாணவிமேல் பள்ளி நடவடிக்கை எடுத்தது தவறு என்றார்கள். வீட்டுப் பேச்சையும் பள்ளியே கண்காணித்தால் ஒரு பிள்ளைக்கு 24 மணி நேரமும் வாய் திறக்க இடமில்லாமல் போகும் என்ற கவலை அதில் இருக்கிறது. ஆனால் அதே தீர்ப்பு, குறிப்பிட்ட ஒருவரைக் குறிவைக்கும் கடுமையான துன்புறுத்தலும், ஆசிரியரையோ மாணவரையோ மிரட்டுவதும் வெளியே நடந்தாலும் பள்ளி தலையிட வேண்டியவையாக இருக்கலாம் என்று இடம் விட்டிருக்கிறது.

எனக்குத் தோன்றுவது இதுதான்: பள்ளியைப் பிடிக்காத பிள்ளை வீட்டிலிருந்து பள்ளியைத் திட்டினால் விட்டுவிடலாம். ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைத் துரத்தினால் விடக்கூடாது. இரண்டையும் ஒரே தராசில் போடவேண்டாம்.

கரும்பலகை

அம்மா, தெளிவாகச் சொன்னீர்கள், நன்றி. ஆனால் அதிகாரம் இருப்பது வேறு, ஆள் இருப்பது வேறு. எங்கள் பள்ளியில் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை சொல்ல ஒரு கவுன்சிலர் கிடையாது. தேர்வுத்தாள், வருகைப் பதிவு, ஆன்லைனில் ஏற்றவேண்டிய விவரங்கள் என்று நாள் போய்விடுகிறது. யாராவது இதையும் சேர்த்துப் பேசுங்கள்.

பழைய ஆள்

எங்கள் காலத்தில் இதெல்லாம் இல்லையா? அடி வாங்கினோம், திருப்பிக் கொடுத்தோம், அப்புறம் அவனே நண்பனானான். பிள்ளைகளைக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளப் பழக்குங்கள். எல்லாவற்றுக்கும் பெரியவர்கள் ஓடினால் அவன் எப்போதுதான் நிமிர்ந்து நிற்பான்?

காது கொடுப்பவள்

பழைய ஆள் ஐயா, நீங்கள் சொல்வது சண்டை. சமமான இரண்டு பேர் சண்டை போட்டு அப்புறம் சேர்ந்துகொள்வது உண்டு. இங்கே நடப்பது அது இல்லை.

பள்ளித் துன்புறுத்தல் பற்றிய ஆய்வுக்கு அடித்தளம் போட்ட நார்வே உளவியலாளர் டான் ஒல்வேயஸ், துன்புறுத்தலுக்கு மூன்று அடையாளம் சொன்னார்: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, இரண்டு பக்கமும் பலம் சமமாக இல்லாதது. 1982இல் நார்வேயில் மூன்று சிறுவர்கள் உயிரை மாய்த்துக்கொண்ட பிறகு, அடுத்த வருடமே நாடு முழுக்கப் பள்ளிகளில் இதற்கான இயக்கம் தொடங்கியது. அதற்கு முன்னால் அங்கேயும் பல பேர் நீங்கள் சொன்னதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருப்பார்கள்.

ஒன்பதாம் வகுப்பு இரண்டு பேர், ஏழாம் வகுப்பு இரண்டு பேர், எதிரில் திக்கிப் பேசும் ஒரே பையன். இதில் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது?

நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். நீள்வழி சாருக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ராத்திரி வந்து எழுதுகிறேன்.

இரண்டாம் வரிசை

நான் அடித்தவனும் இல்லை, அடி வாங்கியவனும் இல்லை. பக்கத்தில் நின்றவன்.

எட்டாவது படிக்கும்போது எங்களோடு ஒருவன் வருவான். பேருந்து நிறுத்தத்தில் அவன் செருப்பில் ஒன்றைக் கழற்றி எறிவார்கள். அவன் நொண்டிக்கொண்டே போய் எடுத்து வருவான், திரும்ப எறிவார்கள். பேருந்து வரும்வரை இது நடக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர் நிற்போம். நான் சிரித்தேனா என்று இத்தனை வருடம் கழித்து யோசித்தால், சிரித்தேன். பயத்தில் சிரித்தேன். அவனுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. அவன் கண்ணில் நானும் அந்தக் கூட்டம்தான்.

பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். கனடாவில் பள்ளி மைதானத்தில் கேமராவும் மைக்கும் வைத்துச் செய்த ஆய்வு, 2001இல் வெளிவந்தது. துன்புறுத்தல் நடந்த சமயங்களில் 88 விழுக்காட்டில் மற்ற பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 19 விழுக்காட்டில்தான் யாராவது தலையிட்டார்கள். ஆனால் அப்படித் தலையிட்டபோது 57 விழுக்காடு தடவை பத்து விநாடிக்குள் அது நின்றுபோனது. பத்து விநாடி! அந்த நிறுத்தத்தில் பேருந்துக்காக நாங்கள் கால் மணி நேரம் நிற்போம்.

நான்கு பையன்களைப் பற்றி மட்டும் பேசுகிறோம். அந்த வீடியோ வந்த குரூப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்? அவர்கள் வீட்டில் ஒரு பெரியவராவது பார்த்திருப்பார். யாராவது ஒருவர் "இதை எடுத்துவிடு" என்று எழுதினார்களா? வெளியே நடப்பதைப் பள்ளிதான் தடுக்கவேண்டும், போலீஸ்தான் தடுக்கவேண்டும் என்கிறோம். அங்கே ஏற்கெனவே நிற்பவர்கள் பிள்ளைகள்தான். அவர்களுக்கு எப்போது, எப்படி வாய் திறப்பது என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. எனக்கும் யாரும் சொல்லித்தரவில்லை.

கதவைச் சாத்தியவள்

இதை எழுதலாமா என்று இரண்டு நாளாக யோசித்தேன்.

நான் அந்தப் பக்கத்து அம்மா. நீள்வழி அவர்கள் போன வீடு என் வீடு இல்லை, ஊரும் பள்ளியும் வேறு. ஆனால் போன வருடம் ஒரு அம்மா இதே மாதிரி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். என் மகளும் அவள் தோழிகளும் அவர் மகளைப் பற்றி ஒரு தனி குரூப் வைத்து எழுதுகிறார்கள் என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் பொண்ணு அப்படிப்பட்டவ இல்ல." கதவைச் சாத்தினேன்.

மகளிடம் அன்றைக்கு நான் கேட்கவே இல்லை. கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயம். ஒரு மாதம் கழித்து வகுப்பாசிரியை கூப்பிட்டார். என்னைத் திட்டவில்லை. மேசைமேல் ஐந்து தாள் வைத்து, "படிச்சுப் பாருங்கம்மா" என்றார். என் பெண் எழுதியது. அவள் வீட்டில் பேசும் அதே தொனி, அதே "டி". முழுசாகப் படித்து முடிக்க என்னால் முடியவில்லை.

அந்த ஆசிரியை "இது பள்ளி நேரத்தில் நடக்கல, ஆனா ரெண்டு பேரும் என் பிள்ளைங்க" என்றார். என் மகளைப் பள்ளியை விட்டு நீக்கவில்லை. இரண்டு குழந்தைகளின் இடத்தையும் மாற்றினார், வாரம் ஒருமுறை தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். போனை எப்படிக் கையாளுவது என்று எங்கள் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகப் பேசினார். என் மகள் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாள். அந்தப் பெண் ஏற்றுக்கொண்டாளா என்று எனக்குத் தெரியாது, ஏற்கவேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.

கரும்பலகை சார், உங்கள் சிரமம் புரிகிறது. ஆனால் என் வாசலில் நின்ற அந்த அம்மா சொன்னது என் காதில் ஏறவே இல்லை. ஆசிரியை சொன்னது ஏறியது. அவருக்கு என் பெண்மேல் வன்மம் இல்லை என்று எனக்குத் தெரியும், அதனால்தான்.

கரும்பலகை

அம்மா, இதை எழுதத் துணிச்சல் வேண்டும். "ரெண்டு பேரும் என் பிள்ளைங்க" என்ற அந்த வார்த்தையை நான் எடுத்துக்கொள்கிறேன். தண்டனை கொடுப்பது ஒன்றுதான் பள்ளி செய்யக்கூடியது என்று நினைத்துக்கொண்டு நான் பேசியிருக்கிறேன். கூப்பிட்டு உட்காரவைத்துப் பேச எந்தச் சட்டமும் தேவையில்லை, அது உண்மைதான். ஆள் பற்றாக்குறை பற்றி நான் சொன்னது மட்டும் அப்படியே நிற்கிறது, அதை விட்டுக்கொடுக்கமாட்டேன்.

காது கொடுப்பவள்

நேற்று எழுதுவதாகச் சொல்லி இன்றைக்குத்தான் முடிந்தது, மன்னிக்கவும்.

நீள்வழி சார், முதலில் பையன். தயவுசெய்து அவன் போனை வாங்கி வைத்துவிடாதீர்கள். என்னிடம் வரும் பிள்ளைகள் வீட்டில் சொல்லாமல் இருப்பதற்குச் சொல்லும் காரணங்களில் இது முக்கியமானது: "சொன்னா போனைப் பிடுங்கிருவாங்க." துன்பப்பட்டவனே தண்டனையும் வாங்கிக்கொள்வது மாதிரி ஆகிவிடும். "அந்த வழியா போகாதே" என்று மட்டும் சொல்லி விட்டுவிடுவதும் அதே கதைதான். அவன் ஏற்கெனவே சுற்றி வந்துகொண்டிருக்கிறான்.

ஆதாரத்தை அழிக்காதீர்கள். கோபத்தில் குரூப்பை விட்டு வெளியேறும் முன்னால் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் அனுப்பியவர் பெயரும் தெரியவேண்டும். தெருவில் நடந்ததை ஒரு நோட்டில் எழுதுங்கள்: நாள், நேரம், இடம், யார் யார், என்ன சொன்னார்கள், யார் பார்த்தார்கள். பையன் சொன்ன வார்த்தையையே எழுதுங்கள், உங்கள் கருத்தைக் கலக்கவேண்டாம்.

மறுபடியும் அந்த வீட்டு வாசலுக்கு நேராகப் போகாதீர்கள். மேலே அந்த அம்மா எழுதியதைப் பார்த்தீர்கள் அல்லவா, வாசலில் நிற்கும்போது யாருக்கும் காது கேட்பதில்லை.

பள்ளியில் வாய்மொழியாகச் சொன்னால் அது காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுங்கள். அதில் "தெருவில் நடந்ததற்கு அவர்களைத் தண்டியுங்கள்" என்று தொடங்கவேண்டாம். அங்கேதான் அவர்கள் கேட்டைக் காட்டுவார்கள். "என் பையனுக்கு வகுப்பில் உட்காரப் பயமாக இருக்கிறது" என்று தொடங்குங்கள். அது பள்ளிக்குள் இருக்கும் விஷயம். நார்வேயில் 2017இல் சட்டத்தை மாற்றியபோது இந்த இடத்திலிருந்துதான் ஆரம்பித்தார்கள். பள்ளியில் தனக்குப் பாதுகாப்பில்லை என்று ஒரு மாணவர் சொன்னாலே பள்ளி விசாரித்து நடவடிக்கை எடுக்கவேண்டும். தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரு வாரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் அங்கே மேல் அதிகாரியிடம் போகலாம்.

அப்புறம், சின்னச் சின்னதாக, செய்யமுடிகிற உதவியைக் கேளுங்கள். அவன் போய்ச் சொல்ல ஒரே ஒரு ஆசிரியர், பெயர் குறிப்பிட்டு. பத்து நிமிடம் முன்னால் அனுப்பமுடியுமா? வகுப்பில் அந்த இரண்டு பேரிடமிருந்து தள்ளி இடம் தரமுடியுமா? "பெருக்கல்" என்ற அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எல்லா ஆசிரியர்களுக்கும் சொல்லமுடியுமா? இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். ஆசிரியருக்குத் தெரிந்துவிட்டது என்பது தெரிந்தாலே அந்தச் சொல்லின் பாதி பலம் போய்விடும்.

இன்னொன்று. நல்ல எண்ணத்தில் சில பள்ளிகள் இரண்டு பக்கத்தையும் நேருக்கு நேர் உட்காரவைத்துக் "கைகொடுத்துக்கோங்க" என்பார்கள். பலம் சமமாக இல்லாத இடத்தில் அது இன்னொரு தடவை அவனை நிற்கவைப்பதுதான். பையன் தானாக விரும்பினால் ஒழிய ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வீடியோவை அந்தச் செயலியில் புகார் செய்து எடுக்கச் சொல்லுங்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென்று இணையப் பாதுகாப்பு ஆணையரே இருக்கிறார். நிறுவனத்திடம் புகார் கொடுத்து 48 மணி நேரத்தில் எடுக்கவில்லை என்றால் அவரிடம் போகலாம், அவர் 24 மணி நேரத்துக்குள் எடுக்கச் சொல்லி உத்தரவிட முடியும். எல்லா இடத்திலும் அந்த வசதி இல்லை. அதனால்தான் நோட்டும் ஸ்கிரீன்ஷாட்டும்.

காவல்துறைக்கு எப்போது? அடித்துக் காயம், ஆயுதம், பணம் பிடுங்குவது, அந்தரங்கப் படம், உயிர் மிரட்டல். இதில் எதுவாக இருந்தாலும் பள்ளியின் பதிலுக்குக் காத்திருக்கவேண்டாம்.

பையனிடம் தினமும் "இன்னைக்கு ஏதாவது பண்ணாங்களா?" என்று கேட்காதீர்கள். அந்த நான்கு பேர் வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும் அவனுக்கு. அவன் சாப்பாடு, தூக்கம் இரண்டையும் கவனியுங்கள். அது மோசமானாலோ, "நான் இல்லாமலே இருந்திருக்கலாம்" என்கிற மாதிரி ஒரு சொல் வந்தாலோ, அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.

பழைய ஆள்

சண்டைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை ஏற்றுக்கொள்கிறேன் அம்மா. யோசித்துப் பார்த்தால், அப்புறம் நண்பனானவனைத்தான் எனக்கு ஞாபகம் இருக்கிறது. பாதியில் பள்ளியை விட்டு நின்றுபோன ஒருவன் இருந்தான். அவன் ஏன் நின்றான் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நீள்வழி

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத நினைத்தேன், முடியவில்லை.

"யார் பொறுப்பு?" என்று கேட்டுத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். இப்போது எனக்கு அந்தக் கேள்வியே கொஞ்சம் தப்பாகப்படுகிறது. நான் போன மூன்று இடத்திலும் முதலில் கேட்டது, "எங்கே நடந்தது?" என்பதுதான். பையன் எப்படி இருக்கிறான் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முதலில் காதில் வாங்கியவர் அதைக் கீழே போடாமல் வைத்திருந்தாலே போதும் என்று தோன்றுகிறது. அவரே தீர்க்கவேண்டும் என்பதில்லை. பள்ளி பள்ளியின் வேலையைச் செய்யட்டும், வீடு வீட்டின் வேலையை, காவல்துறை அதன் வேலையை. அடுத்தவரிடம் ஒப்படைக்கும்வரை கையை எடுக்காமல் இருக்கட்டும். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மூன்று வாரம் நானும் "ஏன்டா லேட்டு?" என்று மட்டும்தான் கேட்டேன்.

இரண்டாம் வரிசை சொன்னதைப் பையனிடம் மெதுவாகக் கேட்டேன், குரூப்பில் யாராவது எதிர்த்து எழுதினார்களா என்று. ஒரே ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: "இதுல என்ன சிரிப்பு இருக்கு?" அதற்கு யாரும் பதில் போடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு சிரிக்கும் பொம்மையும் வரவில்லை என்றான். அவளுக்கு நன்றி சொன்னாயா என்று கேட்டேன். இல்லையாம். சொல்லப்போகிறானாம்.

மூன்று பக்கம் எழுதி முடித்துவிட்டேன், "வகுப்பில் உட்காரப் பயமாக இருக்கிறது" என்றுதான் ஆரம்பம். அது பையன் சொன்ன வாக்கியமேதான், நான் சேர்த்தது எதுவுமில்லை. வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன். அதுவரை சாயங்காலம் நானே போய்க் கூட்டி வருகிறேன். கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கவேண்டாம், திருப்பத்தில் நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறான், அங்கேதான் நிற்கிறேன்.

சட்டக்காரி

இரண்டு நகலாக எடுத்துப் போங்கள் சார். ஒன்றைக் கொடுத்துவிட்டு, இன்னொன்றில் பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று இங்கேயே எழுதுங்கள்.

கரும்பலகை

கடிதத்தில் வகுப்பாசிரியர் பெயரையும் போட்டு அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள் ஐயா. தலைமை ஆசிரியர் மேசையில் கிடக்கும் தாள் எங்கள் கைக்கு வந்து சேரச் சில சமயம் வாரக்கணக்கில் ஆகும்.